127.0.0.1 என்கிற வெளியாள்

உன்னால்தான். வேறு யாரால்? ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல உனக்கு வாய் வலித்ததா? இருபத்திரண்டு வருஷம் ஒரு மனுஷனை முட்டாளாக உட்கார வைத்துவிட்டு, பெருந்துறையில் போய் யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாய், ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் கத்தினேன், சரி, நான் கத்துகிறவன்தான், திருப்பூருக்கே தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்கி, அடி வாங்கி, ஏலத்தில் பழைய கம்ப்யூட்டர் எடுத்து மேலே வந்தவன், கத்தாமல் எனக்கு என்ன கிடைத்தது? ஆனால் கத்துகிறவன் பக்கத்தில் நிற்கிறவன் பதிலுக்கு ஒரு வார்த்தை கத்த வேண்டாமா? நீ கத்தவில்லை. அதனால்தான் இன்றைக்கு, காலை பதினொரு மணிக்கு, என் பழைய கம்ப்யூட்டர் கடையில், ஒரு பொம்பளைப் பிள்ளை என் மூஞ்சிக்கு நேராகச் சிரித்தது. சிரித்துவிட்டு வண்டி கொண்டுவரப் போயிருக்கிறது. நாற்பது நிமிஷமாகும் என்று சொன்னது. நாற்பது நிமிஷத்தில் டாடா ஏஸ் வரும், இந்த மெஷினை ஏற்றும், கம்பெனிக்குக் கொண்டுபோய் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துத் துடைத்துவிட்டு எம்பிராய்டரி மெஷினோடு கோத்துவிடும். அவர்களுடைய பழைய எம்பிராய்டரி மெஷின் இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரோடு பேசாதாம், இந்தக் கிழடு மாதிரி ஒன்றுதான் வேண்டுமாம். நம்முடைய சர்வர்தான். நாச்சி நெட் பிரவுசிங் சென்டரின் சர்வர், அங்கே என்னிடம் சிஸ்டம் வேலை பார்த்த நீ ஊசியால் எண் கீறி வைத்த அதே டப்பா. நான் அதை விற்காமலேதான் வைத்திருந்தேன், கேட்கிறவர்களிடம் யாரும் வாங்க முடியாத விலை சொல்லி. வாங்க வந்த இந்தத் தேன்மொழி விடவில்லை. "ஏனுங்ணா, இரும்பு வெலைக்குப் போற டப்பாவுக்கு இந்த வெலையா, இதுல என்ன தங்கமா பூசியிருக்குதுங்?" என்று கேட்டது. என்னிடம் அப்படிக் கேட்டால் போதும், கை தானாகச் சுவருக்குப் போகும். சுவரில் மாட்டியிருக்கிற அந்தத் தாள், லேமினேட் செய்தது, சிவப்புப் பேனாவில் அடிக்கோடு போட்டது. "திருடனைப் புடிச்சுக் குடுத்த மெஷின் கண்ணு இது. கூட இருந்தவனே வெளிய இருந்து உள்ள பூந்து கஸ்டமர் ரேட்டைத் திருடினான். மெஷினே எழுதி வெச்சுது பாரு, இந்த நம்பர்ல இருந்து வந்தான், போனான்னு." எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் இதை. எல்லாரும் தலையாட்டுவார்கள், சிலர் விலையைக்கூட ஏற்றியிருக்கிறார்கள். இது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய்ப் படித்தது. அப்புறம் சிரித்தது. "அண்ணா, 127.0.0.1ங்கிறது வெளியாளே இல்லீங். அது இந்த மெஷினேதான். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிட்டு, தானே தொறந்து பாத்துக்குது. உலகத்துல எந்த மெஷினுக்கும் அதோட சொந்த நம்பர் இதாங். அதான் முன்னாடியே லோக்கல்ஹோஸ்ட்னு எழுதியிருக்குதே, படிக்கலீங்களா?"

படிக்கவில்லை. எண்ணைத்தான் பார்த்தேன். எழுத்து எனக்கு எதற்கு, எண் போதும் என்று நீதானே பழக்கினாய்? அதுவும் உன் தப்புதான். இதோ வந்துவிட்டது, திரையில் ஒரு வரி, கனெக்ட் ஃப்ரம் லோக்கல்ஹோஸ்ட், அதற்குக் கீழேயே இன்னொன்று, டிஸ்கனெக்ட் ஃப்ரம் லோக்கல்ஹோஸ்ட். வந்தேன், போனேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வருகிறது. மெஷின் ஓடுகிறதா என்று காட்டுவதற்காகத்தான் ஆன் செய்தேன், பி, ஏ, ஆர் என்று அடித்து என்டர் தட்டினேன், விரல் மறக்கவில்லை. பார். எனக்காக நீ செய்து கொடுத்த கட்டளை. எந்தக் கேபினில் யார் உட்கார்ந்திருக்கிறான், நேரம் முடிந்தும் எழுந்திருக்காதவன் யார், கல்லாவில் உட்கார்ந்தபடியே நான் பார்க்க வேண்டும் என்றேன். "இங்கிலீஸ் எல்லாம் வேண்டாங்ணா, கடைசி நம்பரை மட்டும் பாருங், அதுதான் கேபின் நம்பர். நூத்தித் தொண்ணூத்தி ரெண்டுல ஆரம்பிச்சா நம்ம வீட்டுப் புள்ள" என்றாய். பஸ் நம்பர் பழகிய மாதிரி பழகிக்கொண்டேன். நான்காம் கேபின் துபாய்க்குப் பையனை அனுப்பிய சரஸ்வதியக்கா, சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும், பையன் டைப் அடிக்க அடிக்க நீ வாசித்துக் காட்டுவாய், சாப்பிட்டியாம்மா என்று அவன் அடித்ததை நீ அவன் குரலிலேயே சொல்வாய், அந்தம்மா உன்னிடமே பதில் சொல்லும். ஏழாம் கேபின் பஞ்சாயத்து, எப்போதும் இரண்டு பேர் ஒரு நாற்காலியில். ரிசல்ட் வரும் நாளில் வாசல் முழுக்கச் செருப்பு. மோடம் லைனைப் பிடிக்கும் சத்தம், முதலில் கீச்சென்று, அப்புறம் தொண்டை கட்டியவன் காறுகிற மாதிரி, அப்புறம் ஒரு அமைதி வரும் பார், அந்த அமைதியில் கடையில் இருக்கிற பதினொரு பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டு நிற்பார்கள், நீ மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று, "வந்துருச்சுங்" என்பாய். இப்போது வீட்டில் என் மனைவி கோமதி சுவரைப் பார்த்துப் பேசினால் டிவி தானாகவே ஓட ஆரம்பிக்கிறது, எவனும் மூச்சை நிறுத்துவதில்லை. வயர் அடித்த ராத்திரிகள், இல்லை, ராத்திரி இல்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள், கடை சாத்திவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். நான் சொல்லச் சொல்ல நீ அடுக்கிக் கிளிப்பில் சொருகிக் கிரிம்ப் செய்வாய், டக். அந்த டக்கைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு ரோட்டுக்கடைக் காளான் வாசனை வருகிறது, ஒரு தட்டு வாங்கி இரண்டு ஸ்பூன் போட்டுத் தின்றோம், கொத்தமல்லியை நீ ஒதுக்கி என் பக்கம் தள்ளுவாய். கொத்தமல்லி பிடிக்காதா உனக்கு, இல்லை, எனக்குப் பிடிக்கும் என்றா? பார், இதுவும் நீ சொன்னதில்லை.

மெஷினில் உள்ளே பேட்டரி செத்துவிட்டது, தேதி நிற்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஜனவரி ஒன்றாம் தேதியில்தான் கண் விழிக்கிறது. வரிக்கு முன்னால் ஜனவரி 1, ஜனவரி 1 என்றே அடிக்கிறது. அதன் கணக்குக்கு நாம் இன்னும் சண்டையே போடவில்லை. இன்னும் ஆடி மாதம் வரவில்லை, எக்ஸ்போர்ட் கம்பெனி லோகநாதன் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் நுழையவில்லை. நுழைந்த அன்றைக்கு மழை, அவர் குடையை மடக்கக்கூட இல்லை. ஜெர்மன் பார்ட்டிக்கு நம் கடையிலிருந்து மெயில் அனுப்பிய ரேட்டு, அடுத்த நாளே எதிர் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது, அவன் காலணா குறைத்துப் போட்டு ஆர்டரைத் தூக்கிவிட்டான். "உன் கடைல இருந்துதான் போயிருக்குது நாச்சிமுத்து, வேற எங்கிருந்தும் போக வழியில்ல. மூணு நாள்ல யாருன்னு சொல்லு, இல்லாட்டி உன் கடை இருக்காது." அவர் சொன்னால் செய்கிறவர். எனக்குப் பயம், அதை யாரும் பார்க்கக் கூடாதென்று கல்லாவை இழுத்து இழுத்து மூடினேன். ஓடிப்போய் பி, ஏ, ஆர். வரிசையாக நம் வீட்டுப் பிள்ளைகள், நாலு, ஏழு, ஒன்பது, நடுவில் இது. நூற்றி இருபத்தேழு. நூற்றித் தொண்ணூற்றிரண்டு இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வருகிறான், வந்த வேகத்தில் போகிறான். போன மாதத்துக்கு முந்தின வரிகளில் தேடினேன், இல்லை. போன மாதம் நீ தனியாக உட்கார்ந்து என்னமோ செய்துகொண்டிருந்தாயே, என்னவென்று கேட்டதற்கு, "சும்மாங்ணா, உங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருக்கட்டும்னு" என்றாயே, அந்த நாளிலிருந்துதான் இருக்கிறது. என்ன செய்தாய் என்பதைத் தேன்மொழிதான் இன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மெயில் அனுப்புகிற புரோகிராம் அடிக்கடி படுத்துக்கொள்ளும் அல்லவா, முதலாளிகள் மெயில் போகாமல் நிற்கும், நான் உன்மேல் கத்துவேன். அதற்காக நீ ஒரு காவல் வைத்திருக்கிறாய். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அதன் கதவைத் தட்டிப் பார்ப்பது, திறந்தால் சரி, திறக்காவிட்டால் எழுப்பி விடுவது. "நல்லா பண்ணியிருக்காருங்ணா, அக்கறையா பண்ணியிருக்காரு, யாருங் இவரு?" என்று கேட்டது. அக்கறையாம். என் கத்தலுக்குப் பயந்து நீ வைத்த காவலைக் காட்டித்தான் உன்னைத் திருடன் என்றேன். கடை நிறைய ஆள், சரஸ்வதியக்கா நான்காம் கேபினில், பையன் லைனில். "இந்த நம்பர் யாருதுடா? எந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு உள்ள வர்ற? அவன் எவ்வளவு குடுத்தான்?" நீ திரையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். ஸ்பிரிட் நனைத்த பஞ்சு கையில் இருந்தது, கீபோர்டு துடைத்துக்கொண்டிருந்தாய், அதை மேஜை ஓரத்தில் வைத்தாய், உருண்டு விழாமல் பார்த்து வைத்தாய். "அந்த வரியை முழுசாப் படிச்சுப் பாருங்ணா" என்றாய். அவ்வளவுதான். எனக்குப் படிக்கத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்கிறாய் என்றுதான் என் காதில் விழுந்தது. அடித்துவிட்டேன். கன்னத்தில் இல்லை, காதோரத்தில் பட்டது. நீ செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாய், மழையில், நூறு செருப்புக்கு நடுவில் உன் செருப்பைத் தேட உனக்கு நேரமாயிற்று. மறுநாள் அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்து லோகநாதன் முதலாளியிடம் காட்டினேன். கடை பிழைத்தது. தெருவெல்லாம் சொன்னேன். சங்கத்தில் சொன்னேன். உனக்கு இந்த ஊரில் ஒருவன் சிஸ்டம் வேலை கொடுக்கவில்லை.

இன்னொரு வரி. கனெக்ட், டிஸ்கனெக்ட். பதினைந்து நிமிஷம் போயிருக்கும். டீ வாங்கலாமா? வேண்டாம். சரி, வெளியாள் இல்லை. நீ இல்லை. அப்புறம் ரேட்டு எப்படிப் போனது? அதை விடு. லோகநாதன் கம்பெனிக்குள்ளேயே எவனாவது சொல்லியிருப்பான், அவருடைய மச்சினனே ஒரு மாதிரியான ஆள். ஜெர்மன்காரனே இரண்டு பக்கமும் பேசியிருப்பான், வியாபாரம் என்றால் அப்படித்தான், நான் பேசமாட்டேனா? அதை விடு. பேப்பர் அப்போது என்ன விலை விற்றது. ஒரு பக்கம் அச்சாகிப் பாழான தாளைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது, அது உனக்குத் தெரியும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே. அதை அடுக்கி வைத்து, ரஃப் காப்பி எடுக்கிற பிள்ளைகளுக்குப் பாதி ரேட்டில் கொடுப்பேன். நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். நீ மட்டும், "அண்ணா, கம்பெனிக்காரங்க தாளை அதுல வெக்காதீங்" என்றாய். எப்போது சொன்னாய்? சொன்னாய். ஒருதரம் இல்லை, இரண்டுதரம். அதை விடு என்றேனே. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம். பழுப்புச் சட்டை போட்ட ஒரு ஆள், ஒல்லி, பயோடேட்டா பிரிண்ட் எடுக்க வந்தான், எதிர் கம்பெனியில் கிளார்க்காக இருக்கிறேன், வேறு வேலை தேடுகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றான், சிரித்தோம். ரஃப் காப்பி போதும் என்றான். எடுத்துக் கொடுத்தேன், என் கையால். திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங், பின்னாடி என்னமோ இங்கிலீஸ்ல இருக்குதே" என்றான். நான் என்ன சொன்னேன்? "பாதி ரேட்டுக்குப் பின்பக்கமெல்லாம் பாப்பீங்களா, முன்பக்கத்தைப் பாத்துட்டுப் போங்" என்றேன். கேபினில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் தாளை நாலாக மடிக்கவில்லை, நீளவாக்கில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். அடுத்த நாள்தான் மழை. அடுத்த நாள்தான் குடை. இது எனக்கு இன்றைக்குத் தெரிந்ததா? இல்லையடா. வயிற்றுக்குள் ஒரு இடத்தில் அந்தப் பழுப்புச் சட்டை இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டும், நான் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அதனால்தான் அந்தத் தாளை லேமினேட் செய்தேன். ஒருத்தன் உண்மை என்று நம்புகிற தாளுக்கு எதற்கு லேமினேஷன்? மழைக்கா? அதனால்தான் இந்த மெஷினை விற்கவில்லை, அதனால்தான் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னேன், சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தைப் பார்ப்பேன், நம்பிவிட்டானா என்று. நம்பிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

உன் நம்பர் என்னிடம் இருக்கிறது. பேட்டரி ஏஜென்ட் ஒருவன் கொடுத்த கார்டில் கிடைத்தது, நாலு வருஷம் முன்னால், பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். திருடன் நம்பர் நமக்கு எதற்கு என்று ஒருநாள் கோமதி கேட்டாள், தூக்கிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு இடத்தை மாற்றி வைத்தேன். இப்போது அதற்குப் போன் அடித்தேன். மூன்று ரிங். "ஹலோ, சொல்லுங்" என்றாய், குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, பின்னால் ஏதோ மிக்சி ஓடுகிறது. வைத்துவிட்டேன். திரையைப் பார்த்தால் அங்கேயும் டிஸ்கனெக்ட். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக, கண்ணில் தண்ணீர் வருகிற வரை. என்ன சொல்வது? பேரம் என்றால் எனக்குத் தெரியும், எதிராளி எங்கே நிற்பான், எங்கே இறங்குவான் என்று வாசலில் நுழையும்போதே தெரியும். இதற்கு முதல் விலை என்ன சொல்வது? தப்பு என்மேல்தான் என்று ஆரம்பித்தால் அதற்குக் கீழே இறங்க இடமே இல்லையே. அதற்குள் வாசலில் ஹாரன். டாடா ஏஸ். நாற்பது நிமிஷம் என்று சொல்லிவிட்டு இருபத்தெட்டிலேயே வந்துவிட்டது தேன்மொழி, கையில் சணல் கயிறு. "அண்ணா, ஆஃப் பண்ணிரலாங்களா?" என்று பட்டனுக்குக் கை கொண்டுபோயிற்று. "தொடாதே" என்று கத்திவிட்டேன். பயந்து நின்றது. நான் சுவரிலிருந்து அந்தத் தாளைக் கழற்றினேன். கிழிக்கப் பார்த்தேன், கிழியவில்லை, லேமினேஷன் நல்ல வேலை, நானே பேரம் பேசிச் செய்தது. மடித்தேன், நிமிர்ந்துகொண்டது. "கண்ணு, நான் சொன்ன கதை பொய்" என்றேன். சத்தமாக வரவில்லை. மறுபடி சொன்னேன், வெளியே கயிறு பிடித்து நிற்கிற டிரைவருக்கும், பக்கத்துக் கடை பஷீர் பாய்க்கும் கேட்கட்டும் என்று, எனக்குத் தெரிந்த குரலில். "எங்கிட்ட வேலை பாத்த பையன் திருடன் இல்ல. ரேட்டு போனது என் கைல இருந்து. நான்தான் ரேட்டு அடிச்ச தாளோட பின்பக்கத்துல பிரிண்ட் போட்டு எதிர் கம்பெனி ஆளுக்குக் குடுத்தேன். இருபத்திரண்டு வருஷமாப் பொய் சொல்லிட்டிருக்கேன்." பாய் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். "நாச்சிமுத்து, உடம்புக்கு என்ன? அந்தப் பையனையா சொல்றே?" என்றார். "அந்தப் பையனைத்தான் பாய். நீங்களும் அவனுக்கு வேலை குடுக்கல. நான் சொன்னதைக் கேட்டு." பாய் கிளாஸை வாசற்படியில் வைத்தார். அவரும் உன்னை மாதிரி, சொல்லாமல் கொல்லுகிற ஜாதி.

தேன்மொழிதான் பேசியது, வியாபாரி பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும், கயிற்றைச் சுற்றியபடியே கேட்டது. "ஏனுங்ணா, அவர் இப்ப எங்கிருக்காருங்? எங்க எம்பிராய்டரி மெஷினோட இதைப் பேச வைக்கிறதுக்கு ஆள் தேடிட்டுத்தான் இருக்கோம். இதைச் செட் பண்ணினவரே வந்தா அழிக்கவே வேண்டியதில்லைங். நம்பர் இருந்தாக் குடுங்." சாமி படத்தை நகர்த்தி எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே அடித்தது, ஸ்பீக்கரில் போட்டது. அதே மிக்சி, அதே குரல். தான் யார், எந்தக் கம்பெனி, என்ன மெஷின் என்று அது சொல்லச் சொல்ல மிக்சி நின்றுபோயிற்று. "இப்பவும் ஓடிட்டிருக்குதுங்களா?" என்று கேட்டாய். "ஓடுதுங், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா அந்த வரி வருது, அப்பிடியே இருக்குது" என்றது. அப்புறம், "பக்கத்துல யாருங்?" என்றாய். தேன்மொழி போனை என் பக்கம் நீட்டுகிறது. கண்ணாடி நெற்றியில் இருக்கிறது, கண் என் மேல் இருக்கிறது. இழுத்து மூட இங்கே கல்லா இல்லை. வாங்கிக்கொண்டேன். அதோ, திரையில் கனெக்ட் வந்துவிட்டது. கேட்கிறதா, மூச்சு வாங்குகிறேனே, அது நான்தான். பாய் வாசலிலேயே நிற்கிறார், இன்னும் இரண்டு கடைக்காரர்கள் வந்துவிட்டார்கள், அன்றைக்கு நின்ற அளவுக்கு ஆள் சேரட்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறு. ஏறி வா. செருப்பை வாசலில் விடாதே, போட்டுக்கொண்டே உள்ளே வா. இந்தத் தாள் கிழிய மாட்டேன் என்கிறது, நீயே வந்து கிழி. எண்ணை மட்டும் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, எழுத்தைப் படி என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ, பாதியில் விட்ட வேலை உன்னுடையது. என் பக்கத்தில் நின்று, இந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, அந்த வரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் எனக்கு முழுசாகப் படித்துக் காட்டுடா.